அரசின் அன்றாடக் காசு மீதியை வைத்துப் பொருளாதாரத்தின் போக்கைக் கணிக்க முடியுமா?

உவர்மலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் வணிக முகாமைத்துவம் இறுதியாண்டில் பயில்கின்றேன். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கத் திறைசேரி ஒவ்வொரு வேலைநாளும், அதற்கு முந்தைய வேலைநாளில் தனது கணக்குக்கு வந்த காசு எவ்வளவு, போன காசு எவ்வளவு, மாலையில் எஞ்சிய மீதி எவ்வளவு என்பதை அறிக்கையாக வெளியிடுகின்றது என்று அறிந்து வியந்தேன். அங்கே மாலை 4 மணிக்கு வெளியாகும் அந்த அறிக்கை நமக்கு அதிகாலை 1.30க்கும், அவர்களுடைய குளிர்காலத்தில் 2.30க்கும் கிடைக்கின்றது. மூன்று கிழமைகளாக இறுதி மீதியை மட்டும் ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்து வருகின்றேன்.

மீதி கூடினால் வரி நன்றாக வருகின்றது, ஆகவே பொருளாதாரம் நன்றாக உள்ளது; மீதி குறைந்தால் நிலைமை மோசமாகின்றது. இவ்வாறுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் என் கொப்பியில் உள்ள எண்கள் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படவில்லை. ஒரே கிழமைக்குள் ஏறுகின்றன, இறங்குகின்றன. அதே கிழமைச் செய்திகளிலோ பொருளாதாரத்தில் மாற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. மேற்பார்வையாளரிடம் காட்டியபோது, "காசு மீதி ஒரு குறிகாட்டியே அல்ல, தலைப்பை மாற்றுங்கள்" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் அவருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

என் கேள்விகள் இரண்டு. அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால், இதே வேலையை இலங்கைத் திறைசேரிக்குச் செய்ய வழியுண்டா? ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி ஓய்வூதியத்துக்கும் 25ஆம் திகதி சம்பளத்துக்கும் நகரில் உள்ள வங்கி இயந்திரங்களின் முன்னால் வரிசை நிற்கும்போது, அந்தக் காசு எங்கிருந்து புறப்பட்டு வருகின்றது என்று எவராவது நாளாந்தம் எழுதி வைத்திருக்க வேண்டுமே என்று தோன்றுகின்றது.

ஓய்வுபெற்ற கணக்காளர்

தங்கச்சி, உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது பாதி சரி. நீங்கள் எடுத்த அறிக்கை தங்கம். ஆனால் அதில் நீங்கள் குறித்துவைத்த எண்தான் எல்லாவற்றிலும் குறைவாகப் பேசும் எண்.

மத்திய வீதியில் உள்ள ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். மாலையில் முதலாளி காசு போடும் மேசை இழுப்பறையை, அதாவது லாச்சியை, திறந்து எண்ணுகின்றார். இரண்டு இலட்சம் ரூபா இருக்கின்றது. அவருக்கு இன்று நல்ல வியாபாரம் என்று சொல்ல முடியுமா? வியாபாரமாகவும் இருக்கலாம். மனைவியின் காப்பை அடகு வைத்த காசாகவும் இருக்கலாம். கொழும்பிலிருந்து சாமான் அனுப்பிய மொத்த வியாபாரிக்கு இன்று கொடுக்க வேண்டியதை "நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியதால் மிஞ்சியதாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே இரண்டு இலட்சந்தான். எது என்று அறிய வேண்டுமென்றால் லாச்சியை அல்ல, காசுப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் திறைசேரிக்கும் இதே கதைதான். அதன் பிரதான கணக்கு அவர்களுடைய மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் உள்ளது. 2023ஆம் ஆண்டு, அரசு எடுக்கக்கூடிய மொத்தக் கடனுக்குச் சட்டம் விதிக்கும் உச்சவரம்பு தொடர்பான இழுபறியில் புதிதாகக் கடன் எடுக்க வழியில்லாமல், ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்தக் கணக்கின் மீதி 25 பில்லியன் டொலருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு பெரிய அரசுக்கு அது ஏறத்தாழ வெறும் லாச்சிதான். ஜூன் 3ஆம் திகதி உச்சவரம்பு இடைநிறுத்தப்பட்டது. குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை விற்றுத் தள்ளினார்கள். செப்டெம்பர் முடிவதற்குள் மீதி 600 பில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. நான்கே மாதங்களில் இருபது மடங்குக்கு மேல். அந்த நான்கு மாதங்களில் அமெரிக்கப் பொருளாதாரம் இருபது மடங்கு செழித்ததா? வேலையின்மை வீதம் 4 வீதத்துக்குக் கீழே ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. மீதி சொன்னது கடன் சட்டத்தின் கதையையே. தொழிலாளியின் கதையை அல்ல.

இன்னுமொன்று, இதற்கு நேரெதிரானது. 2025 ஒக்டோபர் 1 முதல் 43 நாள்கள் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பல முடங்கின. அந்த நாள்களில் வரி வந்துகொண்டே இருந்தது, கடனும் எடுக்கப்பட்டது, ஆனால் பல செலவுகளைச் செய்யச் சட்ட அதிகாரம் இல்லை. மீதி ஒக்டோபர் முடிவில் 950 பில்லியன் டொலரையும் தாண்டி நின்றது. பெட்டி நிரம்பியிருந்தது, அரச ஊழியர் பலர் சம்பளமின்றி இருந்தனர். நீங்கள் அப்போது கொப்பியில் குறித்திருந்தால் "பொருளாதாரம் செழிக்கின்றது" என்று எழுதியிருப்பீர்கள்.

ஆகவே தலைப்பை மாற்ற வேண்டாம். கொப்பியில் உள்ள நிரலை மாற்றுங்கள். மீதியை விட்டு, வரவுப் பக்கத்தில் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டப்படும் வரி எழுதப்பட்டுள்ள இடத்துக்குச் செல்லுங்கள்.

நிலாவெளி நிரலாளர்

ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, கணினியில் செய்யும் விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கின்றேன். நான் இந்த அறிக்கையைச் சில ஆண்டுகளாக வேலைக்காகவே பார்த்து வருகின்றேன். முதலில், அதிகாலையில் எழும்ப வேண்டாம். 2005 ஒக்டோபர் முதலான எல்லா நாள்களின் தரவும் அமெரிக்கத் திறைசேரியின் இணையத்தளத்தில் கோப்பாகவே கிடைக்கின்றது. ஒரே தடவையில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 2023 பெப்ரவரியில் அறிக்கையின் அமைப்பை மாற்றியபோது சில பதிவுகளின் பெயரும் மாறியது. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்காமல் வரைந்தால் ஒரு தொடர் அந்த மாதத்தில் அறுந்து விழுவதுபோலத் தெரியும். முதல் தடவை நானும் அதைப் பொருளாதார வீழ்ச்சி என்றே நினைத்தேன்.

சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டும் வரி ஏன் மதிப்புள்ளது என்றால், அது எவரிடமும் கேட்டுப் பெறும் பதில் அல்ல. மாதாந்த வேலைவாய்ப்பு அறிக்கை நிறுவனங்களிடம் மாதிரி எடுத்து, மாதத்தின் 12ஆம் திகதி அடங்கும் சம்பளக் காலத்தைப் பற்றிக் கேட்டு, அடுத்த மாதத் தொடக்கத்தில் வெளியிடப்பட்டு, பிறகு இரண்டு தடவைகள் திருத்தப்படுகின்றது. வரியோ வந்த காசு. வந்தது வந்ததுதான், பெரும்பாலும் திருத்தம் இல்லை. ஐயா குறிப்பிட்ட 43 நாள் முடக்கத்தின்போது செப்டெம்பர் மாத வேலைவாய்ப்பு அறிக்கையே நவம்பர் 20 வரை வெளிவரவில்லை. திறைசேரியின் நாளறிக்கை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அந்த நாள்களில் பலர் இந்த வரியைத் தேடிப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

இனி இடறும் இடங்களுக்கு வருவோம். முழு வேலையும் இங்கேதான்.

நாட்காட்டிதான் முதல் எதிரி. நடுத்தர, பெரிய நிறுவனங்கள் கிழமைக்கு இரண்டு தவணை முறையில் வரியைக் கட்டுகின்றன: புதன் முதல் வெள்ளி வரை சம்பளம் கொடுத்தால் அடுத்த புதன்கிழமைக்குள், சனி முதல் செவ்வாய் வரை கொடுத்தால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள். திரண்ட வரி 100,000 டொலரை எட்டிவிட்டால் மறு வேலைநாளே கட்ட வேண்டும். ஆகவே திங்கட்கிழமை வரவை வியாழக்கிழமை வரவோடு ஒப்பிடுவது, திருகோணமலை மீன் சந்தையில் பௌர்ணமி நாள் வரத்தை அமாவாசை நாள் வரத்தோடு ஒப்பிடுவது போன்றது. நாளுக்கு நாள் பார்க்காதீர்கள். கடைசி 20 வேலைநாள்களின் கூட்டுத்தொகையை எடுத்து, சென்ற ஆண்டின் அதே நிலையிலுள்ள 20 வேலைநாள்களோடு ஒப்பிடுங்கள். விடுமுறையை இரு பக்கமும் ஒத்துப்போகச் செய்யுங்கள்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2024 பெப்ரவரியில் அமெரிக்காவில் 20 வேலைநாள்கள், லீப் ஆண்டு. 2025 பெப்ரவரியில் 19. ஒரே ஒரு நாள் குறைந்ததற்காக மொத்த வரவு 5 வீதம் சுருங்கியிருக்க வேண்டும், ஒரு தொழிலாளிகூட வேலையை இழக்காமலேயே.

அடுத்தது சட்டம். 2020இல் பெருந்தொற்று நிவாரணச் சட்டம், வேலை கொள்வோர், இதே வரவில் சேரும் தங்கள் பங்குச் சமூகப் பாதுகாப்பு வரியை அந்த ஆண்டு இறுதிவரை ஒத்திவைக்க அனுமதித்தது. வரவு குறைந்ததில் எவ்வளவு வேலையிழப்பு, எவ்வளவு ஒத்திவைப்பு என்று பிரிப்பது கடினமாகிவிட்டது. 2018 பெப்ரவரியில் புதிய வரிச்சட்டத்துக்கு ஏற்பப் பிடிப்பு அட்டவணை மாறியபோது, வேலைவாய்ப்பு நன்றாக இருந்தும் இந்த வரி தளர்ந்தது. ஆகவே உங்கள் வரைபடத்தில் சட்டம் மாறிய நாள்களை நிலைக்குத்துக் கோடாக வரைந்துவிட்டே பார்க்கத் தொடங்குங்கள்.

மூன்றாவதாக, மொத்த வரி வரவைத் தொடாதீர்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மொத்த வரவு சுமார் 864 பில்லியன் டொலர். 2023 ஏப்ரலில் சுமார் 639 பில்லியன். கால்வாசிக்கும் மேல் சரிவு. இதைக் கண்டு மந்தம் வந்துவிட்டது என்று எழுதியவர்கள் ஏமாந்தார்கள். முந்தைய ஆண்டில் பங்குச் சந்தை விழுந்ததால், பங்கு போன்றவற்றை விற்ற இலாபத்துக்கான மூலதன இலாப வரி வற்றியதும், கலிபோர்னியாவில் பெரும்பாலானோருக்கு அனர்த்தத்தைக் காரணங்காட்டி வரி கட்டும் இறுதித் திகதியைப் பிற்போட்டதும் பெருங்காரணங்கள். சம்பளப் பிடிப்பு வரியில் அப்படியொரு சரிவு இல்லை.

மூதூர் ஒப்பந்தகாரர்

படித்தவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மீதி எதையும் சொல்லாது என்ற கருத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மீதிதான் பொருளாதாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரச அலுவலகத்துக்காக இரண்டு மதகுகளும் சிறு வீதி வேலையும் செய்து முடித்தேன். அளவீட்டு ஏட்டில் பதிந்து, அதிகாரிகள் ஒப்பமிட்டு, உறுதிச்சீட்டும் தயாராகிவிட்டது. அதன் பிறகு கேட்ட போதெல்லாம் ஒரே பதில்: "கட்டுநிதி இன்னும் வரவில்லை." கட்டுநிதி என்றால் கொடுப்பனவுக்காகத் திறைசேரி அனுப்பும் காசு. ஒதுக்கீடு புத்தகத்தில் இருக்கின்றது, காசு கணக்கில் இல்லை. சீமெந்துக் கடைக்காரர் என் வாசலில் நின்றார். அவருடைய வாசலில் வேறொருவர் நின்றிருப்பார். கூலியாட்களுக்குக் கொடுக்க வங்கியில் மேலதிகப்பற்று, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் கடனாக, எடுத்தேன்; அப்போது வட்டி எங்கே இருந்தது என்பது அனைவருக்கும் தெரியும். ஏழு மாதங்களுக்குப் பிறகு காசு வந்தது, வட்டி இல்லாமல்.

இதில் நான் கேட்பது இதுதான். அந்த ஏழு மாதமும் திறைசேரியின் மீதி, எனக்குக் கொடுக்காத தொகையின் அளவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும் அல்லவா? என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தால் மீதி இன்னும் அழகாகத் தெரியும். அப்படியென்றால் அந்த அழகின் மறுபக்கத்தையும் ஆராய்ச்சி செய்பவர்கள் எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்காளர்

ஒப்பந்தகாரர் தம்பி, நீங்கள் குறுக்கிடவில்லை. நான் விட்ட இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டீர்கள். லாச்சியில் உள்ள மூன்றாவது வகைக் காசு, அதாவது கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் மிஞ்சிய காசு, உங்களுடையதுதான். காசு அடிப்படையிலான கணக்கு, காசு கைமாறும் வரை எதையும் செலவாக எழுதாது. முடிந்த மதகு ஆற்றின் குறுக்கே நிற்கும், ஏட்டில் நிற்காது. சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச் 20ஆம் திகதி அங்கீகரிக்கப்பட்ட, சுமார் 3 பில்லியன் டொலர் வேலைத்திட்டத்தில் அரசின் நிலுவைக் கொடுப்பனவுகளைத் தனியாகக் கண்காணிக்கும் இலக்கு சேர்க்கப்பட்டதற்கும் இதுவே அடிப்படை: மீதியையும் பற்றாக்குறையையும் மட்டும் பார்த்தால், பற்றுச்சீட்டுகளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு இலக்கை அடைந்ததாகக் காட்டிவிடலாம்.

நான் சேவையில் இருந்த காலத்து டிசெம்பர் 31ஆம் திகதி மாலைகளை இப்போதும் மறக்க முடியாது. நமக்கு நிதியாண்டு நாட்காட்டி ஆண்டேதான். கட்டுநிதி பிற்பகலில் வந்துசேரும். இருட்டும் வரை காசோலை எழுதுவோம். சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டுக் காசுப் புத்தகத்தை மூடும்போது, மீதி சுழியத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பெருமை. கட்டு ஒன்று அப்படியே மேசையில் மிஞ்சும். அது ஜனவரியின் சுமை. எங்கள் மீதி சுழியமாக இருந்ததற்கு நாங்கள் சிக்கனமானவர்கள் என்றும் பொருளில்லை, நாடு வறியது என்றும் பொருளில்லை.

இப்போது தங்கச்சியின் இரண்டாவது கேள்வி. இலங்கைத் திறைசேரி நாளறிக்கை எதையும் பொதுமக்களுக்கு வெளியிடுவதில்லை. அது மட்டுமல்ல, காசு இருக்கும் இடமே வேறு. அமெரிக்காவில் அரசின் கணக்கு மத்திய வங்கியில் இருப்பதால், ஒரு நிறுவனம் வரி கட்டியவுடன் அந்தப் பணம் வணிக வங்கிகளின் இருப்பிலிருந்து வெளியேறிவிடுகின்றது. வேறெதுவும் மாறாவிட்டால், அரசின் மீதி ஏறினால் வங்கிகளின் இருப்பு அந்த அளவுக்கு இறங்கும். ஆகையால் அங்கே மீதியைப் பணச் சந்தைக்காரர்கள் உன்னிப்பாகப் பார்க்கின்றார்கள், பொருளாதாரத்துக்காக அல்ல, நாளை வங்கிகளுக்கு இறுக்கம் வருமா என்பதற்காக. இந்தியாவிலும் இதேபோல் மத்திய அரசின் கணக்கு ரிசர்வ் வங்கியில் இருக்கின்றது. முற்கூட்டிய வருமானவரி கட்டும் ஜூன், செப்டெம்பர், டிசெம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் திகதியையும், மாதாந்தச் சரக்கு சேவை வரி கட்டும் 20ஆம் திகதியையும் ஒட்டி வங்கிகளில் பணம் இறுகுவது அங்கே ஆண்டுதோறும் பேசப்படும் செய்தி. ரிசர்வ் வங்கி தினமும் வெளியிடும் பணச் சந்தைக் குறிப்பில், ஏலத்துக்காகக் கணிக்கப்பட்ட அரசின் உபரிக் காசு மீதி என்ற எண்ணும் உண்டு. தமிழ்நாட்டில் உள்ள மாணவர் எவராவது இதைச் செய்ய விரும்பினால் அங்கேயே தொடங்கலாம்.

நம் நாட்டில் திறைசேரியின் நாளாந்த வரவுசெலவுகள் பெரும்பாலும் இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் உள்ள கணக்குகளின் ஊடாக நடக்கின்றன. வரி கட்டப்பட்டாலும் சம்பளம் போனாலும் பணத்தின் பெரும்பகுதி வணிக வங்கிகளுக்குள்ளேயே சுற்றுகின்றது. மீதி இல்லாத நாள்களில் அந்த இரு அரச வங்கிகளில் மேலதிகப்பற்று ஏறும். ஒப்பந்தகாரர் தம்பி தன் வங்கியில் செய்த அதே வேலையைத்தான் திறைசேரியும் நெடுங்காலம் செய்து வந்தது. ஆகவே நமக்குக் காசு மீதி என்பது பல ஆண்டுகள் உண்மையில் கழித்தல் குறி போட்ட எண்.

2020க்கும் 2022க்கும் இடையில் அந்தக் கழித்தல் குறி வேறு இடத்துக்குப் போனது. ஏலத்தில் எவரும் வாங்காத திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கியது. அப்போது பார்க்க வேண்டியிருந்த நாளாந்த எண், மத்திய வங்கியின் கையிலுள்ள அரச பிணையங்களின், அதாவது அரசின் கடன் பத்திரங்களின், பெறுமதி. அது அந்த வங்கியின் தளத்தில் வெளிப்படையாகவே இருந்தது. 2020க்கு முன் மிகச் சிறிய தொகை. 2022 முடிவதற்குள் 2 ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டிவிட்டது. 2022 மே 16ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்ரமசிங்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், திறைசேரிக்கு 1 மில்லியன் டொலரைத் தேடிக்கொள்வதே சவாலாக இருப்பதாகவும், அரச ஊழியர் சம்பளத்துக்காகப் பணம் அச்சிட வேண்டியுள்ளதாகவும் சொன்னார். ரூபா மீதியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பேரிடர் தெரிந்திருக்காது. ரூபாவை அச்சிட முடிந்தது, டொலரை முடியவில்லை. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அதற்கு ஒரு மாதம் முன்னர், ஏப்ரல் 12ஆம் திகதி, அறிவித்தாகிவிட்டது.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்த பிறகு, அரசு விற்கும் பிணையங்களை முதல்நிலைச் சந்தையில் நேரடியாக வாங்குவது மத்திய வங்கிக்குத் தடை. பின்கதவு மூடப்பட்டதால் திறைசேரி தன் மீதியைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஏலம் ஒரு கிழமை சரியாகப் போகாவிட்டாலும் சம்பளம் தடைப்படாத அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒப்பந்தகாரர் தம்பியின் வாதத்துக்கு நான் பணிகின்றேன்: கடன் வாங்கும் வாசல் எந்த நேரமும் அடைபடக்கூடிய ஒரு நாட்டில், மீதி என்பது பொருளாதாரத்தின் நாடித்துடிப்பு இல்லை என்றாலும், மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கான அளவுதான்.

உவர்மலை மாணவி

ஐயாவுக்கும் அண்ணாமாருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள்கள் இருந்து படித்துவிட்டு எழுதுகின்றேன்.

அமெரிக்கத் தரவை இறக்கி, சம்பளப் பிடிப்பு வரியை மட்டும் எடுத்து, 20 வேலைநாள் கூட்டுத்தொகையை வரைந்தேன். முந்தைய மூன்று கிழமைக் கொப்பியில் தெரியாத ஒழுங்கு உடனே தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு மேடு எழுகின்றது. அது மிகையூதியக் (போனஸ்) காலம் என்று நினைக்கின்றேன்.

இலங்கைக்கு நாளறிக்கை இல்லை என்பதால், இப்படிச் செய்யலாமா என்று கேட்கின்றேன். நம் நாட்டிலும் தொழில்வழங்குநர் ஊழியரின் சம்பளத்திலிருந்து முற்பண வருமானவரியைப் பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுகின்றனர். பெறுமதி சேர் வரி 20ஆம் திகதிக்குள். நாளாந்தம் இல்லாவிட்டாலும் மாதாந்தத் தொகைகளைப் பெற்று, முற்பண வருமானவரியை அமெரிக்கப் பிடிப்பு வரியின் இடத்தில் வைத்தால், இலங்கையின், குறிப்பாகக் கிழக்கு மாகாணத்தின் வேலைவாய்ப்புப் போக்கைக் காட்ட முடியுமா?

நிலாவெளி நிரலாளர்

அந்த மேடு மிகையூதியமேதான். அதை நீக்க வேண்டாம். சென்ற ஆண்டின் மேட்டோடு இந்த ஆண்டின் மேட்டை ஒப்பிடுங்கள்.

முற்பண வருமானவரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு அந்த வரியே இல்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு வரி முதல் டொலரிலிருந்தே பிடிக்கப்படுவதால், உணவகத்தில் கோப்பை கழுவுபவர்கூட அந்த நாளறிக்கையில் ஒரு துளியாக இருக்கின்றார். இங்கே கொட்பே துறையில் வலை இழுப்பவர், நிலாவெளி விடுதியில் அறை துடைப்பவர், ஒப்பந்தகாரர் அண்ணாவின் கூலியாட்கள், எவரும் அந்தத் தொகைக்குள் இல்லை. நீங்கள் வரைவது பெரும்பாலும் கொழும்பில் உள்ள உயர் சம்பளக்காரரின் வரைபடமாக இருக்கும். அந்த வரம்பு மாறிய மாதத்தில் தொகை குறைந்திருந்தால், அதையும் வேலையிழப்பு என்று எழுதிவிடாதீர்கள். தலைமைக் காரியாலயம் கொழும்பில் உள்ள நிறுவனம் திருகோணமலைக் கிளை ஊழியரின் வரியையும் கொழும்பிலிருந்தே கட்டுவதால் மாகாண வாரியாகப் பிரிக்கவும் வழியில்லை. "குறிப்பாகக் கிழக்கு மாகாணத்தின்" என்ற சொற்களைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெறுமதி சேர் வரியும் சுங்கமும் ஓரளவு பரந்தவை, ஆனால் அங்கும் சட்டத்தின் நிழல் நீளம். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானது. பல விலக்குகளும் நீக்கப்பட்டன. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுகளாக அடக்கி வைத்த ஆசை முழுவதும் சுங்க வரவாகக் கொட்டியது. இந்த இரண்டையும் கழிக்காமல் வரைந்தால் நாடு பறக்கின்றது என்று தோன்றும்.

என் ஆலோசனை: ஆய்வின் முறையை அமெரிக்கத் தரவில் நிறுவுங்கள், இலங்கைக்கு ஓர் அத்தியாயம் மட்டும் ஒதுக்கி, எந்த எண்கள் நாளாந்தம் கிடைக்கின்றன, எவை கிழமைக்கு ஒருமுறை, எவை மாதத்துக்கு ஒருமுறை என்பதை வரிசையாக எழுதுங்கள். மத்திய வங்கி வெளியிடும் நாளாந்தச் சந்தைத் திரவத்தன்மை (வங்கிகளிடம் பணம் மிஞ்சுகின்றதா, தட்டுப்படுகின்றதா என்ற அளவு), புதன்கிழமைதோறும் நடக்கும் திறைசேரி உண்டியல் ஏலம், வெள்ளிக்கிழமைகளில் வரும் வாராந்தப் பொருளாதாரக் குறிகாட்டிகள் ஆகிய மூன்றுமே ஓர் அத்தியாயத்துக்குப் போதும். ஏலத்தில் கேட்ட தொகை முழுவதும் கிடைத்ததா, எந்த வீதத்தில் கிடைத்தது என்பதைப் பார்த்தால், திறைசேரிக்குக் காசு எவ்வளவு அவசரம் என்பது மறைமுகமாகத் தெரியும். 2022 இறுதியில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டி நின்றபோது எவருக்கும் மீதியைச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

உவர்மலை மாணவி

மாகாணத்தின் பெயரை எடுத்துவிட்டேன், மனமில்லாமல்தான். மேற்பார்வையாளரிடம் புதிய வரைபடத்தைக் காட்டினேன். தலைப்பை வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, அது என்ன என்று கேட்டார். அந்த ஆண்டு அமெரிக்க அரச ஊழியர் பலர் பணியிலிருந்து நீக்கப்பட்ட செய்தி நினைவுக்கு வந்ததால் அதையே காரணமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நிலாவெளி நிரலாளர்

அவசரப்பட்டுவிட்டீர்கள். 2025 பெப்ரவரி 17 திங்கட்கிழமை அமெரிக்காவில் ஜனாதிபதிகள் தின விடுமுறை. 2024இல் அது பெப்ரவரி 19. விடுமுறை இரண்டு நாள்கள் முன்னால் நகர்ந்ததை ஒத்துப்போகச் செய்யாமல் திகதிக்குத் திகதி ஒப்பிட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழத்தான் செய்யும். லீப் ஆண்டின் 29ஆம் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சரிசெய்து மீண்டும் வரைந்து இங்கே இடுங்கள். அதன் பிறகும் பள்ளம் நின்றால், அப்போது பணிநீக்கத்தைப் பற்றிப் பேசலாம்.